லினக்ஸில் ‘ரிமூவ்’ கொடுத்தால் எல்லாம் போய்விடுமா?

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பழைய கணனி வைத்திருப்பவர்களும், பாடசாலைக்கோ மத்ரஸாவுக்கோ ஒன்றைக் கொடுக்க நினைப்பவர்களும், பிள்ளைகளின் பெற்றோரும் கடைசி வரை வாசித்தால் நல்லது.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய புரொசஸரும் தேவை. எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் கிடக்கும் கணனிகளில் பல இந்தக் கணக்குக்குள் வராது. ஆகவே லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று போட்டு ஓட்டுகிறோம். நல்ல விசயம். காசு கொடுக்கத் தேவையில்லை, கள்ளப் பிரதி இல்லை, நாலு ஜீ.பீ. ரெம் உள்ள பழைய மெஷினும் முனகாமல் வேலை செய்கிறது. மாணவர்களை மனதில் வைத்து ஃபெடோராவிலிருந்து ‘ஹந்தான லினக்ஸ்’ என்று ஒன்றை உருவாக்கியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். லினக்ஸ் மேல் எங்களுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

எங்கள் முறைப்பாடு, அந்தக் கணனி கை மாறும்போது நாம் செய்கிற வேலையைப் பற்றியது.

கணனி கை மாறிக்கொண்டே இருக்கிறது. அலுவலகத்திலிருந்து பாடசாலைக்கு வருகிறது. பாடசாலையிலிருந்து நூலகத்துக்குப் போகிறது. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் பரீட்சை முடித்துப் போக, அதே கதிரையில் பத்தாம் ஆண்டு வந்து உட்காருகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த நானா தன்னுடைய லெப்டொப்பை மருமகனுக்குக் கொடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் சொல்வார்: “எல்லாத்தையும் அன்இன்ஸ்டோல் பண்ணியாச்சு சேர், மெஷின் க்ளீன்.” அந்த ‘க்ளீன்’ என்ற சொல்லை நாங்கள் நம்புவதில்லை. சொல்பவர் பொய் சொல்கிறார் என்பதற்காக அல்ல. மென்பொருளை நீக்குவது ஒரு வேலை, அதைப் பாவித்த மனிதருடைய சாமான்களை நீக்குவது இன்னொரு வேலை. முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டும் முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே எல்லோரும் வாசிக்க வசதியாக உச்சரிப்பை எழுதுகிறோம்.)

லினக்ஸில் ஒரு மென்பொருளை இன்ஸ்டோல் செய்தால் அதனுடைய சாமான்கள் ஒரே இடத்தில் போய் உட்காருவதில்லை. வேலை செய்யும் பகுதி ‘யூஎஸ்ஆர்’ என்ற போல்டருக்குள் போகும். கணனி முழுவதற்கும் பொதுவான செட்டிங் கோப்புகள் ‘ஈடிசி’ என்ற போல்டரில் இருக்கும். பாவிப்பவருடைய சொந்தச் சாமான்கள், அதாவது சேமித்த கடவுச்சொற்கள், பார்த்த பக்கங்கள், லொகின், சட் எல்லாம் ‘ஹோம்’ என்பதற்குள் அவரவர் பெயரில் இருக்கும் போல்டரில் ஒளிந்திருக்கும். ஒளிந்திருக்கும் என்று சொல்வது சும்மா பேச்சுக்கு அல்ல. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் லினக்ஸ் அந்தப் போல்டரைக் கண்ணுக்குக் காட்டாது. ஃபைல் மனேஜரைத் திறந்து கன்ட்ரோலையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். புள்ளி கொன்ஃபிக், புள்ளி கேஷ், புள்ளி லோக்கல், புள்ளி மொஸில்லா என்று வரிசையாக எழும்பி வரும். மூன்று வருடம் பாவித்த கணனி என்றால் அந்த வரிசையைப் பார்த்து நீங்களே திடுக்கிடுவீர்கள்.

உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றிலும் ‘ஆப்ட் ரிமூவ்’ என்று கொடுத்தால் வேலை செய்யும் பகுதி மட்டும் போகும். பொதுச் செட்டிங் கோப்புகள் இருக்கும். ‘ஆப்ட் பர்ஜ்’ என்று கொடுத்தால் அந்தச் செட்டிங் கோப்புகளும் போகும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ரிமூவ் ஆகட்டும், பர்ஜ் ஆகட்டும், உங்களுடைய ஹோம் போல்டருக்குள் கை வைக்காது.

கடையைக் காலி பண்ணிப் போனவர் போர்ட்டைக் கழற்றினார், றாக்கையைக் கழற்றினார், கணக்குக் கொப்பி மட்டும் லாச்சிக்குள்ளேயே கிடக்கிறது என்றால் எப்படி? அப்படித்தான்.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எங்களுக்கு அது சரியாகத்தான் படுகிறது. லினக்ஸ் பலர் சேர்ந்து பாவிக்கும் கணனியை நினைத்து வளர்ந்த முறைமை. மென்பொருளை நீக்குபவர் அட்மின். ஹோம் போல்டர் அட்மினுடையது அல்ல, அது பாவிப்பவருடையது. அட்மின் ஒரு மென்பொருளை நீக்கினார் என்பதற்காக ஐந்து பேருடைய சொந்தச் சாமான்கள் ஒரே நொடியில் அழிந்து போகக் கூடாது. நாளைக்கே அதைத் திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இது பிழையான வடிவமைப்பு அல்ல, மரியாதையான வடிவமைப்பு. ஆனால் அந்த மரியாதையின் மறுபக்கம் என்னவென்றால், சொந்தச் சாமானை அழிக்கிற பொறுப்பை முறைமை எடுத்துக்கொள்ளாது. அது மனிதர்களிடம் விடப்பட்டிருக்கிறது. நாம்தான் அதைச் செய்வதில்லை.

பெயர்களும் ஆளை ஏமாற்றுகின்றன. லினக்ஸ் மின்ட்டில் ‘சினாப்டிக்’ என்று ஒரு பக்கேஜ் மனேஜர் வருகிறது. கட்டளை அடிக்கப் பயப்படுபவர்களுக்கு அது வசதி. அதில் ஒரு மென்பொருளின் மேல் வலது கிளிக் செய்தால் சாதாரண நீக்கம் ஒன்றும், ‘கம்ப்ளீட் ரிமூவல்’ என்று இன்னொன்றும் காட்டும். கம்ப்ளீட் என்றால் முழுமையானது என்றுதானே பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள்? அது பர்ஜ் மட்டும்தான். ஹோம் போல்டர் அப்படியே இருக்கும். அந்தப் பெயரை வைத்தவர்களோடு எங்களுக்கு ஒரு சின்னக் கோபம் உண்டு.

இதற்கெல்லாம் இவ்வளவு கதையா என்று கேட்பவர்களுக்காக ஒரு சம்பவம். சென்ற வருடம் ஓர் அலுவலகத்திலிருந்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு மூன்று கணனிகள் வந்தன. மூன்றிலும் உபுண்டு போட்டிருந்தது. மேசைத்திரை வெறுமையாக, பார்க்க வடிவாக இருந்தது. குரோம் இருக்கவில்லை. பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி பாட வேலைக்காக எங்கள் அனுமதியோடு குரோமை இன்ஸ்டோல் செய்து திறந்தாள். திறந்ததும் வந்தது யாரோ ஒருவருடைய பெயரும் படமும். மெயிலை அமுக்கினால் மெயில் திறக்கிறது. மெயிலுக்குள் ஆட்களுடைய அடையாள அட்டைப் பிரதிகள், சம்பளக் கடிதங்கள். பிள்ளை பயந்து எழும்பி நின்றுவிட்டாள். நாங்கள் உடனே திரையை மூடிவிட்டு அந்த அலுவலகத்துக்கு அழைத்தோம். “நாங்க குரோம ரிமூவ் பண்ணித்தானே தந்தோம்” என்றார்கள். உண்மைதான், ரிமூவ் பண்ணித்தான் தந்திருந்தார்கள். யூசர் கணக்கை அப்படியே விட்டிருந்தார்கள். புள்ளி கொன்ஃபிக்குக்குள் ‘கூகுள் குரோம்’ என்ற போல்டர் ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது. புதிதாக வந்த குரோம் அதை எடுத்துக்கொண்டது.

அது ஓர் அலுவலகத்து ஆளுடைய மெயில். அதே இடத்தில் எங்கள் ஒரு மாணவியின் கணக்கு இருந்து, அந்தக் கணனி வேறு யாருடைய கைக்கோ போயிருந்தால்? வீட்டில் கணனி இல்லாத பிள்ளை ஆய்வுகூடத்தில் வந்துதான் மெயில் பார்க்கிறாள், வட்ஸ்அப் வெப் திறக்கிறாள், புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்குத் தன்னுடைய படத்தை ஏற்றுகிறாள். ஒரு பெண் பிள்ளையின் படம் தவறான கைக்குப் போனால் நமது ஊரில் என்ன நடக்கும் என்று பெற்றோருக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பிள்ளையைத்தான் கேள்வி கேட்பார்கள். கணனியைக் கேட்க மாட்டார்கள், கணனியைக் கொடுத்தவரையும் கேட்க மாட்டார்கள். பிள்ளையின் படிப்பு அதோடு நின்றும் போகலாம்.

ஃபயர்பொக்ஸிலும் இதே கதைதான். சாதாரண டெப் பக்கேஜாகப் போட்ட ஃபயர்பொக்ஸைப் பர்ஜ் செய்துவிட்டு அதே யூசர் கணக்கில் திரும்பப் போட்டுப் பாருங்கள். சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் திரும்பி வரும். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினோம். விரிவுரையாக ஒரு மணித்தியாலம் பேசியிருந்தாலும் அந்த அமைதி வகுப்பில் வந்திருக்காது.

உபுண்டு 22.04 இலிருந்து ஃபயர்பொக்ஸ் ‘ஸ்னப்’ என்ற வடிவத்தில் வருகிறது. அதனுடைய போக்கு வேறு. ‘ஸ்னப் ரிமூவ்’ கொடுத்தால் பாவனையாளரின் தரவையும் சேர்த்துத்தான் எடுக்கும். ஆனால் எடுப்பதற்கு முன்னர் தானாகவே ஒரு பிரதியைச் சேமித்து, வழமையாக 31 நாட்களுக்கு வைத்திருக்கும். கைதவறி நீக்கியவருக்கு அது பெரிய உதவி. கணனியை நாளைக்கே இன்னொருவருக்குக் கொடுக்கப் போகிறவருக்கு அது ஆபத்து. அப்படியானால் ரிமூவ் என்பதோடு இரண்டு கோடு போட்டு ‘பர்ஜ்’ என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்போது பிரதி எடுக்காது. மின்ட் பாவிப்பவர்களுக்கு ஸ்னப் இல்லை, ‘ஃபிளட்பக்’ இருக்கிறது. அதனுடைய தரவு ஹோம் போல்டரில் புள்ளி வார் என்ற போல்டருக்குள் ‘அப்’ என்பதில் கிடக்கும். நீக்கும்போது ‘டிலீட் டேட்டா’ என்ற தெரிவைச் சேர்த்தால்தான் அதுவும் போகும். அப்இமேஜ் என்றால் ஒரே கோப்புத்தான், அதை அழித்தால் மென்பொருள் போச்சு, செட்டிங் மட்டும் மறுபடியும் புள்ளி கொன்ஃபிக்கில். வைன் போட்டு விண்டோஸ் மென்பொருள் பாவித்தவர்கள் புள்ளி வைன் என்ற போல்டரையும் பார்க்க வேண்டும். வைனை நீக்கிய பிறகும் மெனுவில் அந்தப் பெயர்கள் பேய் மாதிரி நிற்பதுண்டு.

“இவ்வளவு தலையிடி எதற்கு, ஃபோமட் அடிச்சா முடிஞ்சுதே” என்று கடைக்காரத் தம்பிமார் சொல்வார்கள். கணனி வேறு ஆளிடம் போகிறது என்றால் அவர்கள் சொல்வது சரி. சொல்லப் போனால் சாதாரண ஃபோமட் கூடப் போதாது. அது பெயர்ப்பட்டியலை அழிக்கும், பழைய தரவு வன்தட்டில் கிடக்கும், மீட்கத் தெரிந்தவர் மீட்டுவிடுவார். சுற்றுகிற பழைய வன்தட்டு என்றால் லினக்ஸ் பென் டிரைவில் பூட் பண்ணி ‘ஷ்ரெட்’ என்ற கருவியால் முழுத் தட்டுக்கும் மேலாக ஒரு தடவை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு புதிதாக லினக்ஸைப் போட வேண்டும். சில மணித்தியாலம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். எந்தத் தட்டின் பெயரைக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் இரண்டு தரம் பாருங்கள், அடுத்த தட்டில் இருக்கும் கல்யாணப் படங்கள் போய்விடும். எஸ்.எஸ்.டி என்றால் ஷ்ரெட்டை நம்ப வேண்டாம். அதைத் தயாரித்த நிறுவனமே தரும் அழிப்புக் கருவியைப் பாவியுங்கள்.

ஆனால் ஆய்வுகூடத்தில் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் கணனிக்கு ஃபோமட் ஒரு தீர்வே அல்ல. ஒரு மென்பொருள் வேண்டாம் என்பதற்காக முழுக் கணனியையும் கிளறினால், தமிழ் எழுதுவதற்காகச் செய்து வைத்த ஐபஸ் விசைப்பலகை அமைப்பு போகும், பிரிண்டர் போகும், பிள்ளைகளின் செயற்றிட்டங்கள் போகும். திரும்ப எல்லாவற்றையும் இறக்குவதற்கு டேட்டா வேண்டும். பாடசாலை டொங்கலில் மாத முடிவில் எவ்வளவு டேட்டா மிஞ்சும் என்பது ஆசிரியர்களுக்குத்தான் தெரியும்.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. யூடியூப்பில் ‘கம்ப்ளீட் அன்இன்ஸ்டோல்’ என்று தேடி, முதலில் வருகிற கட்டளையைக் கொப்பி பண்ணிப் போடுகிறவர்கள். எங்களுக்கு முதல் கூட்டத்தைவிட இவர்களில்தான் பயம் அதிகம். ‘ஆர்எம்’ என்ற கட்டளை குப்பைத் தொட்டிக்கு அனுப்பாது, நேரே அழிக்கும். நட்சத்திரக் குறியோ ஓர் இடைவெளியோ பிழையான இடத்தில் விழுந்தால் ஹோம் போல்டர் முழுவதும் போகும். ‘பைதன் 3 எனக்குத் தேவையில்லை’ என்று அதை நீக்கப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். உபுண்டுவிலும் மின்ட்டிலும் எத்தனையோ கருவிகள் அந்தப் பைதனில் தங்கித்தான் நிற்கின்றன. அதை இழுத்தால் மேசைத்திரையே சேர்ந்து வரும்.

ஆப்ட் இதையெல்லாம் மறைப்பதில்லை. என்னென்ன நீக்கப்படும் என்று முழுப் பட்டியலையும் காட்டிவிட்டுத்தான் ‘வை’ அடிக்கச் சொல்கிறது. நாம்தான் அந்தப் பட்டியலை வாசிப்பதில்லை. 2021இல் கனடாவின் பிரபல யூடியூபர் லினஸ் செபஸ்டியன் பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை இன்ஸ்டோல் செய்யப் போனார். பக்கேஜில் இருந்த ஒரு பிழையால் முறைமை மேசைத்திரையையே நீக்கப் போவதாகப் பட்டியல் போட்டு எச்சரித்தது. ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்ற முழு வசனத்தையும் அடித்தால்தான் தொடர்வேன் என்றது. அவர் அதையும் அடித்தார், மேசைத்திரை போனது. கோடிக்கணக்கில் பார்வையாளர்கள் உள்ள ஒரு தொழில்நுட்பக்காரருக்கே இந்த நிலை என்றால், பாடம் முடியும் மணி அடிக்கப் போகும் அவசரத்தில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையை நாம் என்ன சொல்ல?

ஆகவே பிள்ளைகளிடம் நாங்கள் கேட்பது ஓர் ஒழுங்கைத்தான். பர்ஜ் கொடுக்கும்போது பட்டியலை வாய்விட்டு வாசி. நீ நீக்க நினைத்ததைவிடக் கூடுதலாக ஏதாவது பெயர் இருந்தால் ‘என்’ அடித்துவிட்டு எழும்பி வந்து கேள். பிறகு ‘ஆட்டோரிமூவ்’ கொடு, அதற்கும் அதே வாசிப்பு. பிறகு ‘டிபிகேஜி’ என்பதோடு கோடு போட்டு எல் கொடுத்துப் பார், வரிசையில் ‘ஆர்சி’ என்று தொடங்கும் பெயர்கள் மென்பொருள் போய்ச் செட்டிங் மட்டும் மிஞ்சியவை, அவற்றை இப்போதும் பர்ஜ் செய்யலாம். கடைசியாக ஹோமுக்குள் போய் அந்த மென்பொருளின் பெயரில் உள்ள போல்டரை மட்டும் அழி. ஆர்எம் வேண்டாம். ஃபைல் மனேஜரில் கண்ணால் பார்த்து, குப்பைத் தொட்டிக்கு அனுப்பி, ஒரு நாள் பொறுத்துக் காலியாக்கு.

இதிலும் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. நமது ஆய்வுகூடங்களில் ‘ஸ்டூடன்ட்’ என்று ஒரே ஒரு யூசர் கணக்கு. அறுநூறு பிள்ளைகள், ஒரு கணக்கு, கடவுச்சொல் 1234. அங்கே எந்த மென்பொருளை எப்படி நீக்கினாலும் ஒன்றும் ஆகப் போவதில்லை, ஒரே லாச்சிக்குள் எல்லோரும் கொப்பி வைக்கிறார்கள். மின்ட்டில் லொகின் விண்டோ செட்டிங்கில் ‘கெஸ்ட் செஷன்’ என்று ஒன்றை இயக்கி விடலாம். பிள்ளை வெளியேறியதும் அந்த அமர்வில் செய்த அத்தனையும் தானாக அழியும். மெயில் பார்க்க, விண்ணப்பம் நிரப்ப அது போதும். செயற்றிட்டம் செய்கிற வகுப்புகளுக்குத் தனிக் கணக்குத் திறந்து, வருட முடிவில் ஹோம் போல்டரோடு சேர்த்து அந்தக் கணக்கை நீக்கலாம். ஒரு ஆசிரியருக்கு ஒரு பின்னேர வேலை. இதற்குக் காசும் தேவையில்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கணனி வந்தால் இன்வென்ட்ரி புத்தகத்தில் நம்பர் போட்டு எழுதுகிறோம். மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், வயர் உட்பட எழுதுகிறோம். உள்ளே என்ன இருந்தது, யார் அழித்தார், எப்போது அழித்தார் என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அதை இந்த வருடமே சேர்ப்போம். கணனி உள்ளே வரும்போதும் ஒரு கையொப்பம், வெளியே போகும்போதும் ஒரு கையொப்பம். 2022இன் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து கதவைத் தட்டும் வரைக்கும் இருக்க வேண்டியதில்லை. ஒருவருடைய கடிதம் நம் கையில் கிடைத்தால் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுக்கிற ஊர் இது. கணனிக்குள் கிடப்பதும் அமானிதம்தான்.

அன்பளிப்புச் செய்பவர்கள் தயங்க வேண்டாம். பழைய கணனி எங்களுக்கு வேண்டும், நிறையவே வேண்டும். கொடுக்கும்போது ‘க்ளீன்’ என்று வாயால் சொல்வதற்குப் பதிலாக, “இது யாருடைய கணக்கு, என்னென்ன பாவித்தோம்” என்று ஒரு துண்டில் எழுதித் தந்தால் மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

வருகிற தவணை விடுமுறையில் முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆய்வுகூடத்தில் இருப்போம். எங்களிடம் உள்ள பதினேழு கணனிகளையும் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் போகிறோம். பெண் பிள்ளைகள் பாவித்த கணனிகளை டீச்சர்மார் மட்டும் பார்ப்பார்கள். வீட்டில் லினக்ஸ் போட்ட கணனி இருப்பவர்கள், கொடுக்கவோ விற்கவோ நினைப்பவர்கள், சார்ஜரோடு கொண்டு வாருங்கள். காலை ஒன்பதிலிருந்து அஸர் வரைக்கும். வரும் முன்னர் தேவையான படங்களையும் ஆவணங்களையும் ஒரு பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள், அங்கே வந்து தேடத் தொடங்கினால் வரிசை நகராது.